எல்லையில் ஒரு பென்சில்

2006-ஆம் ஆண்டு மார்ச் 29. நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில், காமரூன் நாட்டை ஒட்டியிருக்கும் காம்போரு சாவடி. தூதரக எண்பலகை மாட்டிய ஜீப் ஒன்று எல்லையைக் கடக்க வந்து நின்றது. உள்ளே இருந்தவர் சார்லஸ் டெய்லர். லைபீரியாவின் முன்னாள் அதிபர். போர்க்குற்றங்களுக்காகச் சியரா லியோனின் சிறப்பு நீதிமன்றம் தேடிக்கொண்டிருந்த ஆள். நைஜீரியா அவருக்கு அடைக்கலம் கொடுத்து ஒரு மாளிகையில் வைத்திருந்தது. அங்கிருந்து அவரைக் காணவில்லை என்று முந்தைய நாள்தான் அறிவிப்பு வந்திருந்தது. சாவடியில் இருந்தவர்கள் வண்டியை விடவில்லை. அன்றே அவரை விமானத்தில் ஏற்றி லைபீரியாவுக்கு அனுப்பினார்கள். மன்ரோவியா விமான நிலையத்தில் ஐ.நா. அமைதிப்படையின் ஐரிஷ் வீரர்கள் கைது செய்து, ஹெலிகாப்டரில் சியரா லியோனுக்குக் கொண்டுபோனார்கள். 2012-இல் தீர்ப்பு வந்தது: 50 ஆண்டு சிறை.

இதே மனிதரின் கதை தொடங்கியதும் ஓர் எல்லையில்தான். 1989 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். டெய்லரின் ஆட்கள் நூற்றுச் சொச்சம் பேர் ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து லைபீரியாவின் நிம்பா மாவட்டத்துக்குள், புட்டுவோ என்ற ஊர் வழியாக நுழைந்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தும் வலு உள்ள எதுவும் அந்த இடத்தில் இருக்கவில்லை. அன்று தொடங்கிய போர் நடுவில் சிறிது ஓய்ந்து, மறுபடி மூண்டு, 2003-இல்தான் அடங்கியது. மாண்டவர்கள் சுமார் 2,50,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. டெய்லரைக் கவிழ்க்க வந்த கிளர்ச்சிப் படைகளும் அவர் வந்த வழியைத்தான் பின்பற்றின. ஒன்று கினி பக்கமிருந்து வந்தது, இன்னொன்று ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து.

காம்போருவில் இருந்த எது புட்டுவோவில் இல்லாமல் போனது? சுவரும் முள்வேலியும் இரண்டு இடத்திலும் பேசும்படியாக இல்லை. காம்போருவில் இருந்தது ஒரு மேசை, அதற்குப் பின்னால் கவனமாக ஓர் ஆள், அந்த ஆளின் சொல்லுக்குக் காதுகொடுக்க மேலே ஒரு நிர்வாகம். இந்த மூன்றையும் ஒரு நாட்டுக்கு எப்படி உண்டாக்கித் தருவது என்று யோசிப்பதற்கென்றே ஐ.நா. அமைதிப் பணிகளில் ஒரு பதவி உண்டு. எல்லை மேலாண்மைக்கான மூத்த ஆலோசகர்.

பெயரைக் கேட்டால் குளிரூட்டிய அறையில் கோப்பு புரட்டுகிறவர் என்று தோன்றும். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அவர் எதிர்கொள்ளும் கேள்விகள் விசித்திரமானவை. லைபீரியாவை வைத்தே பார்க்கலாம்.

அளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறிய நாடு. நிலவழி எல்லை மட்டும் 1,667 கிலோமீட்டர்: ஐவரி கோஸ்டுடன் 778, கினியுடன் 590, சியரா லியோனுடன் 299. பெரும்பகுதி மழைக்காடு, இல்லாவிட்டால் ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் பிரிட்டனும் பிரான்சும் லைபீரியாவுடன் பேசி முடித்த கோடுகள் இவை. பேச்சில் யாருக்குப் பலம் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடு போட்டவர்கள் அங்கே குடியிருந்தவர்களைக் கேட்கவில்லை. கிஸி மக்கள் இன்று லைபீரியா, கினி, சியரா லியோன் என மூன்று நாடுகளிலும் இருக்கிறார்கள். அத்தை ஒரு நாட்டில், சந்தை இன்னொரு நாட்டில். எல்லையைக் கடக்கத் தெரிந்த இடங்களாகக் கணக்கில் வந்தவையே 170-க்கும் மேல். அவற்றில் அரசு முறையாக அறிவித்தவை 50-க்கும் குறைவு. மற்றவை காட்டுத் தடங்களும் ஓடத்துறைகளும்.

எல்லாவற்றையும் மூடிவிடலாமே என்றால், அதற்குச் சட்டமே இடங்கொடுக்காது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1979-இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. உறுப்பு நாட்டுக் குடிமகன் எவரும் இன்னோர் உறுப்பு நாட்டில் விசா இல்லாமல் 90 நாள் இருக்கலாம். ஆக, கதவு திறந்தே இருக்கவேண்டும், திறந்த கதவைப் பார்த்துக்கொண்டும் இருக்கவேண்டும்.

2003 செப்டம்பரில் பாதுகாப்புச் சபை 1509-ஆம் தீர்மானத்தின் மூலம் லைபீரியாவுக்கு அமைதிப்படையை அனுப்பியது. 15,000 படைவீரர்கள் வரை, போலீஸார் 1,115 பேர் வரை. பின்னாளில் அந்தப் போலீஸாரில் ஒரு பிரிவு நம்மவர்களுடையது. 2007 முதல் 2016 வரை மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண்கள் மன்ரோவியாவில் பணியாற்றினார்கள், ஐ.நா. வரலாற்றில் முழுக்கப் பெண்களால் ஆன முதல் போலீஸ் அணி அது. இத்தனை பேருக்கு நடுவே ஒரு சிறு குழுவாகத்தான் குடிவரவு ஆலோசகர்கள் இருந்தார்கள். ஏதோ ஒரு நாட்டின் குடிவரவுத் துறையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். லைபீரியாவின் குடிவரவுத் துறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொடுக்க வந்தவர்கள்.

பக்கத்தில் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். கிழக்குத் திமோரில் 1999 முதல் 2002 வரை ஐ.நா.வே அரசாக இருந்தது. அங்கே வந்திறங்கியவரின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் பொறுப்பும் அதனுடையதுதான். லைபீரியாவில் அப்படி இல்லை. அரசு லைபீரியர்களுடையது, சட்டம் அவர்களுடையது. ஆலோசகரால் ஒரு காவலரைக்கூட இடமாற்றம் செய்ய முடியாது. அவருக்கு ஆணையிடும் உரிமை கிடையாது, இடித்துரைக்கும் உரிமை மட்டும் உண்டு. அதையும் இங்கிதமாகச் செய்யவேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அவருக்கு நாற்காலி போட மறந்துவிடுவார்கள்.

இனி அவர் முன்னால் இருக்கும் ஒரு கணக்கு. எல்லைக் காவல் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் திகைக்க வைத்தது இதுதான்.

ஒரு சாவடி, ஒரு மேசை, ஓர் அதிகாரி. ஓர் ஆளைச் சோதித்து அனுப்பச் சராசரியாக 5 நிமிடம். அப்படியானால் மணிக்கு 12 பேரை அனுப்பலாம். மணிக்கு 6 பேர் வருகிறார்கள் என்று வைப்போம். ஆட்கள் வருவதும் சோதனை முடிவதும் ஒழுங்கில்லாமல் முன்னே பின்னே நடக்கும். அதையும் கணக்கில் சேர்த்தால், வந்தவர் காத்திருந்து சோதனை முடித்துப் போக ஆகும் சராசரி நேரம் 10 நிமிடம். சரி, சந்தை நாள். மணிக்கு 11 பேர். இன்னமும் 12-க்குக் குறைவுதான், எனவே சமாளித்துவிடலாம் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது: சராசரி நேரம் ஒரு மணி. வருபவர் எண்ணிக்கை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆகும் நேரம் ஆறு மடங்காகிவிட்டது.

காரணம் எளிது. வேலை குறைவாக இருக்கும்போது, திடீரென்று நாலு பேர் சேர்ந்து வந்தாலும் அடுத்த இடைவெளியில் அந்தத் தேக்கம் கரைந்துவிடும். அதிகாரிக்கு ஓய்வே இல்லாதபோது கரைக்க இடைவெளி கிடையாது, தேக்கத்தின் மேல் தேக்கம் ஏறும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், தொலைபேசி இணைப்பகத்துக்கு வந்து குவியும் அழைப்புகளைக் கணக்கிட 1909-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணிதம் இது. ரேஷன் கடையிலும் சுங்கச்சாவடியிலும் நாம் தினமும் அனுபவிப்பதும் இதையேதான், சூத்திரம் தெரியாமல்.

இப்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வருகிறது: சோதனையைக் கடுமையாக்குங்கள். ஓர் ஆளுக்கு 5 நிமிடம் 6 ஆகிறது, ஒரே ஒரு நிமிடம் கூடுதல். ஆனால் இப்போது மணிக்கு 10 பேரைத்தான் அனுப்ப முடியும், வருவதோ 11. வரிசை ஒருநாளும் தீராது. தலையில் பழக்கூடையோடு நிற்கும் பெண் எவ்வளவு நேரம் நிற்பாள்? சாவடிக்கு அரை மைல் தள்ளி ஒரு தடம் இருப்பது அவளுக்குத் தெரியும். அவளோடு அவள் பெயரும் பதிவேட்டிலிருந்து நழுவிப் போகும். நாளைக்கு அதே தடத்தில் வேறொருவன் வந்தால், அது வழக்கமாக ஆட்கள் நடக்கும் பாதையாகிவிட்டிருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கண்டிப்பு கூடக்கூடக் காவல் குறைகிறது.

மாறாக, பழையபடி 5 நிமிடச் சோதனையோடு பக்கத்தில் இன்னொரு மேசையைப் போட்டால்? அதே 11 பேருக்கு ஒரு மணி நேரம் என்பது ஆறரை நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு மரமேசை, ஒரு சம்பளம், அவ்வளவே. நல்ல ஆலோசகர் கோரிப் பெற வேண்டியது ராணுவ ஜீப்புக்கு முன்னால் இந்த மேசையை என்பது என் எண்ணம். ஆனால் மேசையைப் படம் பிடித்து யாரும் ஆண்டறிக்கையின் அட்டையில் போடுவதில்லை.

அந்தச் சம்பளம் என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. காட்டோரச் சாவடிக்கு அனுப்பப்பட்டவருக்குக் குடியிருக்க வீடு வேண்டும், சம்பளம் மாதாமாதம் கைக்கு வரவேண்டும், மழைக்காலத்தில் ஊருக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் வேண்டும், அதற்குப் பெட்ரோலும் வேண்டும். இவை இல்லாவிட்டால் கடக்கிறவர்களிடம் கைநீட்டத் தொடங்குவார். கைநீட்டல் தொடங்கினால் மறுபடி அந்தக் காட்டுத் தடம்தான். வரைபடத்தில் கோடாகத் தெரிவது தரையில் இத்தனை பொருள்களின் கூட்டு.

2014-இல் வந்த சோதனைக்கு இந்தக் கணக்கு எதுவும் போதவில்லை.

2013 டிசம்பரில் கினியின் கெக்கெடு வட்டாரத்தில், மெலியாண்டு என்ற சிற்றூரில் எபோலா தொடங்கியது. மூன்று நாடுகளும் சந்திக்கும் மூலை அது; கிஸி மக்களின் நிலம். லைபீரியாவில் முதல் நோயாளிகள் உறுதியானது 2014 மார்ச் இறுதியில், அந்த மூலையிலேயே இருக்கும் ஃபோயா வட்டாரத்தில். ஜூலை 27 அன்று அதிபர் எல்லன் ஜான்சன் சர்லீஃப் பெரும்பாலான எல்லை வழிகளை மூட உத்தரவிட்டார். இரண்டு விமான நிலையங்களும் ஃபோயா, போ வாட்டர்சைடு, கான்டா ஆகிய தரைவழிகளும் மட்டும் சோதனையோடு திறந்திருக்கும் என்று அறிவித்தார். நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி எல்லா இடத்துக்கும் வந்தது.

வெப்பமானிக்கு ஒரு குருட்டுத்தன்மை உண்டு. எபோலா கிருமி உடலுக்குள் போன பிறகு நோய் தெரிய 2 முதல் 21 நாள் ஆகும். அந்த நாட்களில் காய்ச்சல் இருக்காது. மற்றவருக்குத் தொற்றவும் செய்யாது. 2014 செப்டம்பரில் மன்ரோவியாவிலிருந்து அமெரிக்கா போன ஒருவருக்கு விமான நிலையத்தில் சோதித்தபோது காய்ச்சல் இல்லை. போய்ச் சேர்ந்து சில நாள் கழித்தே நோய் வெளிப்பட்டது. சோதித்தவரின் தவறு இதில் எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

இதை யோசித்தால் எல்லை என்பதன் வடிவமே மாறிவிடுகிறது. கள்ளத் துப்பாக்கிக்கு எல்லை ஒரு கோடு. மேசையில் வைத்து மூட்டையைப் பிரித்தால் பொருள் அங்கேயே இருக்கும். கிருமிக்கு எல்லையின் அகலம் 21 நாள். ஃபோயாவில் கடந்தவர் மூன்று வாரத்துக்குள் நாட்டின் எந்த மூலைக்கும் போய்விடலாம். ஆகவே சாவடியில் கேட்கவேண்டிய கேள்வி ‘உனக்குக் காய்ச்சலா’ என்பதோடு முடியக்கூடாது. எங்கிருந்து வருகிறாய், எந்த ஊருக்கு, யார் வீட்டுக்கு, கடந்த மூன்று வாரத்தில் எந்த இழவு வீட்டுக்குப் போனாய்? பதிலை எழுதி, அந்த ஊரில் நோய்த்தொடர்பு தேடுகிறவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும். குடிவரவு அதிகாரியின் பதிவேடு ஒரே இரவில் மருத்துவ ஆவணமாகிவிட்டது.

அடைத்த வழிகளை மக்கள் சுற்றிக்கொண்டு போனார்கள் என்பதில் வியப்பில்லை. காட்டுத் தடத்தில் சாவடி போட முடியாது. ஆனால் அந்தத் தடம் ஏதாவது ஓர் ஊரில்தான் போய் முடியும். ஊரில் புதுமுகம் வந்தால் தெரியாமல் இருக்காது. லைபீரியக் கிராமங்களில் பலாவா குடிசை என்று ஒன்று உண்டு. சுவரில்லாத கூரை, ஊர்ப் பெரியவர்கள் அங்கேதான் வழக்குப் பேசுவார்கள். எல்லைக் காவலின் மிக நுட்பமான கருவி எது என்று கேட்டால் நான் அந்தக் கூரையைத்தான் காட்டுவேன். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த நோய் 11,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. லைபீரியாவில் மட்டும் 4,800-க்கும் மேல். கடைசியில் அதை அடக்கியதில் மருத்துவர்களுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு யார் யாரைத் தொட்டார் என்று சொல்ல முன்வந்த ஊர்களுக்கும் உண்டு. எல்லைகள் 2015 பிப்ரவரியில் திறந்தன.

ஆலோசகரின் இன்னொரு வேலை அக்கரையோடு பேசுவது. 2010 இறுதியில் ஐவரி கோஸ்டில் தேர்தல் முடிவையொட்டி மோதல் வெடித்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைபீரியாவுக்குள் ஓடிவந்தார்கள். 2012 ஜூன் 8 அன்று ஐவரி கோஸ்டின் தென்மேற்கில், லைபீரிய எல்லைக்குச் சற்று உள்ளே, நைஜர் நாட்டைச் சேர்ந்த 7 அமைதிப்படை வீரர்கள் கொல்லப்பட்டார்கள். லைபீரியா அந்த எல்லையை மூடியது. இரு பக்கமும் அப்போது ஐ.நா. பணிகள் இருந்தன, வெவ்வேறு தலைமையின் கீழ். ஆற்றின் இக்கரைச் சாவடியிலிருந்து கத்தினால் அக்கரைக்குக் கேட்கும். ஆனால் தகவல் முறைப்படி போவதென்றால் இரண்டு தலைநகரங்களைச் சுற்றி வரவேண்டும். இரண்டு சாவடிக்காரர்களிடமும் ஒருவர் எண் மற்றவரிடம் இருக்கும்படி செய்வதைவிடப் பயனுள்ள ராஜதந்திரம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆலோசனைப் பணியில் ஒரு பலவீனமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வருகிறவர் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடுவார். அடுத்தவர் வேறு நாட்டிலிருந்து வருவார். தன் நாட்டுப் படிவமே சிறந்தது என்று நினைப்பார். உள்ளூர் அதிகாரி அதே நாற்காலியில் இருந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் புதிதாகப் பாடம் கேட்கவேண்டும். யார் யாருக்கு ஆலோசகர் என்று சில நேரம் சந்தேகமே வந்துவிடும். 2016 ஜூன் 30 அன்று நாட்டின் பாதுகாப்புப் பொறுப்பு முழுவதும் லைபீரிய அரசின் கைக்கு வந்தது. 2018 மார்ச் 30 அன்று ஐ.நா. பணி முடிந்தது. வெள்ளை வண்டிகள் கிளம்பிப் போயின.

போனபின் எது மிஞ்சும் என்பதுதான் பரீட்சை. கணினியும் ஜெனரேட்டரும் பழுதுபார்க்க ஆள் உள்ளவரைதான். மின்சாரமே இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய ஒன்றைக் காட்டி முடிக்கிறேன். ஒரு பென்சில் போதும்.

உலகத்துப் பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி உண்டு, வரிக்கு 44 இடம். எழுத்தும் எண்ணும் அம்புக்குறிகளுமாக, இயந்திரம் படிப்பதற்கென்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது. இரண்டாம் வரியில் நாட்டைக் குறிக்கும் மூன்றெழுத்துக்குப் பிறகு பிறந்த தேதி ஆறு எண்களில் வரும்: ஆண்டு, மாதம், நாள். அதை ஒட்டி ஏழாவதாக ஓர் எண் நிற்கும். அது காவலாளி.

1947 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 470815. எண்களை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள். 28, 21, 0, 56, 3, 5. கூட்டினால் 113. கடைசி இலக்கம் 3. காவலாளியின் இடத்தில் 3 இருக்கவேண்டும். யாராவது ஒரே ஓர் எண்ணைச் சுரண்டி மாற்றியிருந்தால், எந்த எண்ணானாலும் சரி, விடை கட்டாயம் பிசகும். முதல் இரண்டு எண்களை இடம் மாற்றி 74 என்று போட்டிருந்தால் கூட்டுத்தொகை 125 ஆகும். காவலாளி 5 ஆகவேண்டும், மாட்டிக்கொள்வார். பக்கத்துப் பக்கத்து எண்களை மாற்றிப் போடும்போது, அவற்றுக்குள் 5 வித்தியாசம் இருந்தால் மட்டும் தப்பலாம். 27-ஐ 72 ஆக்கினால் இந்தக் காவலாளிக்குத் தெரியாது. கள்ளப் பாஸ்போர்ட் செய்கிறவர் சூத்திரம் தெரிந்தவரானால் ஏழாவது எண்ணையும் சேர்த்து மாற்றிவிடுவார் என்பதும் உண்மைதான். ஆனால் பாஸ்போர்ட் எண்ணுக்கும் முடியும் தேதிக்கும் தனித்தனிக் காவலாளிகள் உண்டு; இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வரியின் கடைசியில் இன்னொருவர் நிற்கிறார். அவசரக்காரர்கள் அங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

உங்கள் பாஸ்போர்ட் பீரோவில்தான் இருக்கும். எடுத்து, இரண்டாம் வரியில் ‘ஐ.என்.டி.’ என்ற மூன்றெழுத்தைக் கண்டுபிடித்து, அடுத்த ஆறு எண்களை ஏழு, மூன்று, ஒன்றால் பெருக்கிப் பாருங்கள். விடை பொருந்தவில்லையென்றால் பதறவேண்டாம், இன்னொரு முறை கூட்டுங்கள். எனக்கு முதல் தடவை தப்பாகத்தான் வந்தது.